ஞாயிற்றுக்கிழமை மட்டும் நின்ற சார்ஜ்

ராசிங்காபுரம்
8-9-2025, திங்கள்

கோயம்புத்தூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் லிங்கேஸ்வரன் என்பவருக்கு, ராசிங்காபுரம் குருவம்மாள் எழுதிக்கொண்டது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. சோலியாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மூத்த பேரன் மனோஜ் தோட்டக்கலைப் படிப்பு முடித்து, அரசாங்கப் பரீட்சை எழுதி, இப்போது ஆண்டிபட்டியில் ஆபீசர். அவன் வந்தால் எழுந்து நிற்க ஆள் இருக்கிறது. மகள் வழிப் பேத்தி அமுதவள்ளி மதுரையில் வக்கீல். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் கேசிலேயே ஒரு கிழவிக்குப் பறிபோன வீட்டை மீட்டுக் கொடுத்தாள். அவள் தங்கை சந்திரவல்லி பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. முதலாவது வந்த பிள்ளை டியூஷன் போனது, இவள் போகவில்லை. என் பேரப்பிள்ளைகள் இந்த மூன்று பேர். மூவர் படமும் கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டியிருக்கிறேன்.

உங்களோடும் நீங்கள் கட்டிக்கொண்டவளோடும் இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று போன வருஷம் மாசி மாசம் எங்கள் வாசலில், ஊர் பார்க்கச் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும் என் கடிதத்தை நானேதான் எழுதுவேன்.

விஷயம் இது. ஆடி மாசத்தில் எனக்கு இரண்டு தடவை கிறுகிறுப்பு வந்தது. தேனி டாக்டர் நாடி சில நேரம் தணிந்துபோகிறது என்கிறார். எப்போது தணிகிறது, எவ்வளவு தணிகிறது என்று தெரிய வேண்டுமாம். பதினைந்து நாள் நடுவில் அறுபடாமல் கணக்குக் கொண்டுவந்தால்தான் நெஞ்சுக்குள் மெஷின் வைப்பதா, மாத்திரை போதுமா என்று முடிவு செய்வாராம். அக்டோபர் 24-ம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். அதற்காக மனோஜ் ஒரு வாட்சு வாங்கி வந்து கையில் கட்டினான். நடந்தால் எண்ணுகிறது, நெஞ்சு அடித்தால் எண்ணுகிறது. "பத்து நாளைக்கு சார்ஜ் நிக்கும் அப்பத்தா" என்றான். பத்து நாளாவது! காலையில் நூறு என்று காட்டுகிறது, சாயங்காலக் காப்பிக்கு முன்னால் செத்துப்போகிறது.

மனோஜிடம் கேட்டேன். "எனக்குப் பிடிபடல அப்பத்தா. இதெல்லாம் தெரிஞ்ச ஆளு கோயம்புத்தூர்ல ஒருத்தரு இருக்காரு" என்று சொல்லிவிட்டு விட்டத்தைப் பார்த்தான்.

அதனால் எழுதுகிறேன். ரிப்பேரா, என் கை ராசியா, விவரம் எழுதவும். உங்கள் வீட்டு விலாசம் எனக்கு வேண்டாம். கடை விலாசத்துக்கே எழுதுவேன்.

இப்படிக்கு,
கு. குருவம்மாள்


கோயம்புத்தூர்
13-9-2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

லிங்கேஸ்வரன் வணக்கம். கடிதம் கிடைத்தது. கடைக்கு வந்ததால் ரேணுகாவிடம் காட்டவில்லை. அதுதான் உங்கள் விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன்.

ரிப்பேராக இருந்தால் புதிதாகவே மாற்றிக்கொள்ளலாம், கவலை வேண்டாம். ஆனால் என் மேஜைக்கு வருகிற பத்து வாட்சில் எட்டில் பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். எதற்கோ வீணாகச் செலவாகிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டை எது என்று கண்டுபிடித்தால் போதும். கையில் வாங்கிப் பார்க்க முடியாததால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கடப்படாமல் பதில் எழுதுங்கள்.

மனோஜ் அந்த வாட்சோடு ஒரு போனையும் இணைத்துக் கொடுத்திருப்பார். அந்தப் போன் எங்கே இருக்கிறது? போன் பக்கத்தில் இல்லாவிட்டால் வாட்ச் அதைத் தேடிக்கொண்டே இருக்கும், அந்தத் தேடலிலேயே பாதி சார்ஜ் போய்விடும். அடுத்து, வாட்சின் முகம் எப்போதெல்லாம் வெளிச்சம் போடுகிறது? நீங்கள் தொட்டாலா, தானாகவா? ராத்திரியும் கட்டிக்கொள்கிறீர்களா? பின்பக்கம் சார்ஜ் ஏறும் இரண்டு புள்ளிகள் சுத்தமாக இருக்கின்றனவா? அழுக்கு இருந்தால் சரியாக ஏறாமலே நூறு என்று காட்டிவிடும்.

கடைசியாக ஒன்று. பகலில் என்ன வேலை செய்கிறீர்கள்? வாட்சுக்காகத்தான் கேட்கிறேன்.

பணிவுடன்,
லிங்கேஸ்வரன்


ராசிங்காபுரம்
18-9-2025

லிங்கேஸ்வரன் அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில்.

போன் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேதான் பத்திரம். வாட்சு அதை ஏன் தேடுகிறது என்று தெரியவில்லை. அது எங்கேயும் போகவில்லையே.

ராத்திரி கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன். பகல் முழுக்க எண்ணிய பொருள், அதுவும் கொஞ்சம் அசரட்டும் என்றுதான். தப்பென்றால் சொல்லவும்.

வெளிச்சம் தானாகத்தான் வருகிறது. கையைத் திருப்பினால் பளிச், மறுபடி திருப்பினால் பளிச். மின்மினியைக் கட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறது. பஸ்சில் வரும்போது பக்கத்துச் சீட்டில் இருந்த சுந்தரம்மாள், "என்னத்தா, கையில டார்ச்சு லைட்டா?" என்று கேட்டு மானத்தை வாங்கினாள். மருந்து வாங்கப் போடிக்குப் போன பஸ்.

பின்பக்கம் கறுப்பாக, பிசின் மாதிரி ஒட்டிக்கிடந்தது. வாழைக்காய்க் கறையாக இருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன்.

பகலில் என்ன வேலை என்றா கேட்டீர்கள்? வீட்டில் இருக்கிறேன். டாக்டர் மேடு ஏறக்கூடாது, குனிந்து வேலை செய்யக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். என் மகன் ஈஸ்வரன் ஞாயிறுதோறும் பெண்டாட்டியோடு தேனியிலிருந்து வந்து, "ஆத்தா, சும்மா இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான். சும்மாதான் இருக்கிறேன்.

சந்திரவல்லிக்கு வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அதையும் தெரிவிக்கிறேன்.

கு. குருவம்மாள்


கோயம்புத்தூர்
23-9-2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

சந்திரவல்லிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரி கழற்ற வேண்டாம். நாடி பெரும்பாலும் தூக்கத்தில்தான் அதிகம் தணியும், டாக்டருக்கு அந்தக் கணக்குத்தான் முக்கியம். குளிக்கும்போது மட்டும் கழற்றுங்கள், அந்தக் கால் மணி நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். வாட்ச் அசராது அம்மா.

எண்ணெய் வேண்டாம். புள்ளிகளில் படிந்து சார்ஜை மறிக்கும். காய்ந்த துணி போதும்.

ஆனால் ஒரு விஷயம் கணக்கு உதைக்கிறது. போன் அலமாரியிலும் நீங்கள் வீட்டிலும் இருந்தால் வாட்ச் போனைத் தேடவே தேடாது. கையைத் திருப்பினால் வெளிச்சம் வருவது எல்லா வாட்சிலும் உண்டு. வீட்டில் இருக்கிறவர் ஒரு நாளில் நூறு தடவை திருப்புவார், அதிகம் போனால் இருநூறு. அதற்கெல்லாம் சாயங்காலத்துக்குள் தீராது.

அதனால் மூன்று நாள், சனி, ஞாயிறு, திங்கள், காலை ஆறு மணிக்கும் மத்தியானம் பன்னிரண்டுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் வாட்சில் என்ன எண் காட்டுகிறது என்று குறித்து அனுப்புங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல இருங்கள்.

லிங்கேஸ்வரன்


ராசிங்காபுரம்
1-10-2025

லிங்கேஸ்வரன் அவர்களுக்கு,

சனிக்கிழமை காலை 100, மத்தியானம் 31. சாயங்காலம் முகம் கறுத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை 100, மத்தியானம் 96, சாயங்காலம் 93.

திங்கள்கிழமை காலை 100, மத்தியானம் 27. சாயங்காலம் ஒன்றுமில்லை.

ஞாயிறன்று நல்ல புத்தியோடு இருந்திருக்கிறது. மற்ற நாளில் அதற்கு என்ன கேடு என்று தெரியவில்லை. டாக்டரிடம் போக இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது, பதினைந்து நாள் கணக்கு வேண்டும். நீங்கள் கேள்வி கேட்டதிலேயே ஒரு மாசம் ஓடிவிட்டது.

வெரசா பதில் போடவும்.

கு. குருவம்மாள்


கோயம்புத்தூர்
5-10-2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கோளாறு தெரிந்துவிட்டது. வாட்சில் எந்தக் குறையும் இல்லை.

உங்கள் எண்களைப் பார்த்ததும் அதே வாட்சு ஒன்றை என் கையில் கட்டிக்கொண்டு, கடையில் ஸ்டூலை ஒதுக்கிவிட்டுத் தரையில் குந்தினேன். இடது கையால் எதையோ விலக்கிப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு, மணிக்கட்டைப் புரட்டி, இரண்டு விரலால் கிள்ளி, இடுப்புப் பக்கம் போட்டேன். மறுபடியும் அதையே செய்தேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்து, "ஸ்க்ரூ விழுந்திருச்சாண்ணே? நானும் தேடட்டா?" என்றார். ஒரு நிமிஷத்தில் பதினொரு தடவை வெளிச்சம் வந்தது. ஆறு மணி நேரத்துக்கு எத்தனை என்று போட்டுப் பாருங்கள். அந்த நேரம் முழுக்க உங்கள் வாட்ச், அலமாரியில் இருக்கும் போனையும் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. அது ராசிங்காபுரத்தில், நீங்கள் மலையில்.

ஏலக்காய் எடுக்கிற கை எப்படிப் புரளும் என்று எனக்குத் தெரியும் அம்மா. என் அம்மா பொன்னுமணியின் கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கறுப்புக் கறையையும் தெரியும். வாழைக்கறை அப்படி இருக்காது. அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் அதைப் போக்குவார், சாயங்காலம் எங்கள் வீடே அந்த வாசனையாக இருக்கும்.

ஞாயிறு உங்கள் மகன் வருகிற நாள்.

குரங்கணிக்கு மேலே உங்களுக்கு அறுபது சென்ட் தோட்டம் இருக்கிறது என்று ரேணுகா சொல்லியிருக்கிறாள். அதைக் குத்தகைக்கு விட்டாயிற்று என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உங்களைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. போன கார்த்திகையில் அம்மா போனது உங்கள் காதுக்கு வந்திருக்கும். எப்படிப் போனார் என்று வந்திருக்காது. கேரளப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காய் எடுத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். "நெஞ்சு என்னமோ பண்ணுது, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் தன் வரிசைக்குப் போயிருக்கிறார். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல். குந்தி உட்கார்ந்தால் அடுத்த வரிசையில் இருப்பவருக்கும் தெரியாது. நாலு மணிக்கு ஜீப்பு ஹாரன் அடித்து, எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஓர் ஆள் குறைகிறது என்று தெரிந்தது.

அன்றைக்கு என் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த மாதிரி இருபது வாட்ச் இருந்தது. அம்மா கையில் ஒன்றுகூட இல்லை.

அங்கே கூடவே இருபது பேர் இருந்தார்கள். உங்கள் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்?

வாட்சைச் சரிசெய்யும் வழி இது. முகத்தை மேலிருந்து கீழே விரலால் இழுங்கள். கை போட்ட படம் ஒன்று வரும். அதைத் தொட்டால் நிறம் மங்கிவிடும். அதன் பிறகு கையைத் திருப்பினால் வெளிச்சம் வராது, நாடியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். போனை மடியில் வைத்துக்கொண்டு போங்கள், வாட்ச் தேடாது.

போகவே வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

லிங்கேஸ்வரன்


ராசிங்காபுரம்
9-10-2025

லிங்கேஸ்வரனுக்கு,

வாட்சைப் பார்க்கச் சொன்னால் ஆளைத் துப்புத் துலக்குகிறாயோ? நான் எங்கே போகிறேன், எங்கே குந்துகிறேன் என்று கேட்க நீ யார்? பெற்ற மகனே கேட்பதில்லை.

என் தோட்டத்துக்கு நான் போகிறேன். அடுத்தவன் தோட்டத்துக்குப் போகவில்லை. அறுபது சென்டுக்கு ஆள் வருவதில்லை. ஜீப்பெல்லாம் விடியும் முன்னே பெரிய எஸ்டேட்டுக்குப் பறக்கிறது. காய் பழுத்து உதிர்ந்தால் எலி தின்னும். எடுக்காமல் போட்ட தோட்டத்தை ஈஸ்வரன் விற்றுவிடுவான். "ஆளில்லாத காட்ட வச்சுக்கிட்டு என்னாத்தா செய்யிறது?" என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். குத்தகை என்று அவனிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறேன்.

யாரிடமாவது சொன்னால் இந்த எழுத்தும் இல்லை.

கை போட்ட படத்தை மங்க வைத்துவிட்டேன். இன்று மத்தியானம் 94.

கு.


கோயம்புத்தூர்
13-10-2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. ரேணுகாவிடமும் இல்லை. ஆனால் அவளிடம் மறைப்பது எனக்குச் சுலபமாக இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

94 நல்ல எண். இப்படியே போனால் கணக்கு அறுபடாது.

ஒரு வேலை செய்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மனோஜிடம் பேசினேன். நாளையோ மறுநாளோ வந்து உங்கள் போனின் முகப்பில் பெரிய பச்சை வட்டம் ஒன்றை வைத்துத் தருவார். காரணம் அவருக்குத் தெரியாது. அந்த வட்டத்தைத் தொட்டால் என் போன் அடிக்கும்.

நீங்கள் பேச வேண்டாம். உங்கள் சொல் உங்களோடு இருக்கட்டும். நானும் ஹலோ சொல்ல மாட்டேன். வட்டத்தைத் தொட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். குரங்கணி ஜீப்பு ஸ்டாண்டில் சீனிச்சாமி அண்ணன் இருக்கிறார். எங்கள் சொந்த ஊர் தேவாரத்தில் ஒரே தெருக்காரர். ராசிங்காபுரத்து அம்மா எந்தத் தடத்தில் ஏறுகிறார் என்று கேட்டு வைத்திருக்கிறேன். "அந்தக் கெழவியா? என் வண்டியிலதான்டா வருது. முன் சீட்டக் குடுத்தாத்தான் ஏறும்" என்றார்.

தோட்டத்து மேல் முனையில் ஒரு பாறை உண்டாம், அங்கிருந்து போடி தெரியுமாம். அங்கே டவர் கிடைக்கும். கொஞ்சம் தளர்வாகத் தோன்றினாலும் பாறைப் பக்கமே இருங்கள்.

லிங்கேஸ்வரன்


தேனி, ஆஸ்பத்திரி
28-10-2025, செவ்வாய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அப்பத்தா எழுதிக்கொண்டது. படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

17-ம் தேதி வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். பாறைக்குப் பக்கத்து வரிசையில்தான் இருந்தேன். நீங்கள் எழுதியதற்காக இல்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காது அடைத்தது. கையில் இருந்த காய் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. வாட்சைத் தொட்டுப் பார்த்தேன், 36 என்றிருந்தது. சார்ஜா நாடியா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த சின்ன இருதயப் படம் கண்ணில் பட்டது.

பச்சை வட்டத்தைத் தொட்டேன். நீங்கள் சொன்னபடி ஹலோ சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்திலும் வீம்பு விடவில்லை பாருங்கள். அந்தப் பக்கம் ஒரு கடைச் சத்தமும், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறதும் மட்டும் காதில் விழுந்தது. அப்புறம் சீனிச்சாமி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியது நினைவு இருக்கிறது. "கண்ண மூடாத ஆத்தா, முன் சீட்டுத்தான், முன் சீட்டுத்தான்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

டாக்டர் கணக்கைப் பார்த்தார். "பதினஞ்சு நாள் கேட்டேன். இந்த எட்டு நாளே போதும்மா. ஒரு மணி நேரங்கூட விட்டுப்போகல, யாரு இத இப்படிப் பாத்துக்கிட்டது?" என்றார். ஈஸ்வரன் மனோஜைப் பார்த்தான். மனோஜ் விட்டத்தைப் பார்த்தான். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. நவம்பர் 5-ம் தேதி மெஷின் வைக்கிறார்கள். அதில் போடுகிற பேட்டரி பத்து வருஷம் நிற்குமாம். அதற்கும் ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல புத்தி இருக்குமோ என்னவோ.

இனி மறைக்க ஒன்றுமில்லை. தோட்டத்தில் பேரப்பிள்ளைகள் பிறந்த போதெல்லாம் என் வீட்டுக்காரர் பிள்ளைக்கு ஒரு வரிசை வைத்தார். நாலு வரிசை. மனோஜ் வரிசை பாறைக்குக் கீழே, அமுதவள்ளி, சந்திரவல்லி வரிசை ஓடைப் பக்கம். பாறையை ஒட்டினது ரேணுகா வரிசை. மாசி மாசம் உங்களை வாசலோடு அனுப்பிவிட்டு, மறுநாளே அரிவாளோடு அந்த வரிசையை வெட்டப் போனேன். முதல் தூரில் பூச்சரம் விட்டிருந்தது. வெட்ட மனசு வரவில்லை. ஈஸ்வரன் விற்றால் நாலும்தான் போகும், அதில் இந்த ஒரு வரிசைக்குத்தான் என்னைத் தவிர நாதியில்லை. அதனால்தான் ஏறினேன். தினமும் முதலில் அந்த வரிசையில்தான் குந்துவேன்.

அன்றைக்கு வாசலில் உங்கள் அம்மாவையும் ஒரு சொல் சொன்னேன். தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு உங்களுக்குப் பின்னால் நின்றார். "ஜீப்பு ஏறி ஊரான் தோட்டத்துல காய் பெறக்குறவ வீட்டுக்கு எங்க பிள்ளையா?" என்றேன். அவர் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனார். இந்த இரண்டு வருஷமாக நானும் ஜீப்பு ஏறிக் காய்தான் எடுத்தேன். முதல் மாசம் மணிக்கட்டு வீங்கிப்போனது. இதோடு ஒரு பெண்பிள்ளை முப்பது வருஷம் காய் எடுத்து ஒரு மகனைப் படிக்கவைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் போன செய்தி வந்தபோது நான் வரவில்லை. வந்திருக்க வேண்டும். இதைக் காகிதத்தில் எழுதினால் தீராது. உங்கள் வீட்டுக்கு வந்து, அவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வாட்சை மனோஜ் வாங்கியதாக எழுதியிருந்தேன். வாட்சுப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த வாரண்டிச் சீட்டில் உங்கள் கடை முத்திரை இருந்தது. கட்டின அன்றைக்கே பார்த்துவிட்டேன். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். தெரிந்துதான் உங்களுக்கு எழுதினேன்.

18-ம் தேதி மத்தியானம் நீங்களும் ரேணுகாவும் வந்தீர்கள். நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ரேணுகா காலடியில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "என்ட்ட ஏன் சொல்லல? ஒரு மாசமா ஏன் சொல்லல?" என்று உங்களைக் கேட்டாள். நீங்கள் என் கையிலிருந்து வாட்சைக் கழற்றி, பையிலிருந்த வயரைச் செருகி, நூறு ஆகும் வரை ஜன்னல் பக்கம் நின்றீர்கள். அப்புறம் காய்ந்த துணியால் துடைத்து, ஊசி குத்தின இடத்தில் உராயாமல் ஒரு துளை தளர்த்திக் கட்டினீர்கள். ஈஸ்வரன், நானாக உங்களிடம் வாய் திறக்கட்டும் என்று வெளியில் நின்றானாம். கண்ணைத் திறந்தால் பேச வேண்டிவருமே என்று நானும் கிடந்தேன். நீங்கள் இரண்டு பேரும் போன பிறகு மருமகள் சுகன்யா வந்து, "அத்தை, தலகாணி ஏன் ஈரமா இருக்கு?" என்றாள். "வேர்வ" என்றேன். தன் மகளைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள், அதற்கு மேல் கேட்கவில்லை.

ரேணுகாவிடம் மறைத்தது உங்கள் தப்பு இல்லை, என் தப்பு என்று அவளிடம் சொல்லவும். இந்தக் கடிதத்தை அவளே படிக்கட்டும்.

பேச்சைப் பற்றி. அது வாசலில் ஊர் பார்க்கச் சொன்ன சொல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து எடுத்துக்கொள்ள முடியாது, வாசலில்தான் எடுக்க வேண்டும். மெஷின் வைத்து வீட்டுக்கு வந்ததும் நாள் சொல்லுகிறேன். இரண்டு பேரும் வாருங்கள். சீனிச்சாமியையும் வரச் சொல்லியிருக்கிறேன், அவர் வண்டியிலேயே எல்லோருமாகக் குரங்கணி போவோம். மேடு ஏற மாட்டேன். கீழே ஜீப்பில் உட்கார்ந்துகொள்கிறேன், முன் சீட்டில். உங்கள் வரிசைக் காயை நீங்கள்தான் எடுக்க வேண்டும். தோட்டம் விற்பனைக்கு இல்லை என்று ஈஸ்வரனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அமுதவள்ளி வக்கீல், அவளை வைத்தே பத்திரம் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் வீரலட்சுமி என்று ஓர் அம்மாள் இருக்கிறார். எந்நேரமும் பேரன் பெருமைதான். நேற்று நானும் சொன்னேன். மூத்தவன் மனோஜ் ஆபீசர். அமுதவள்ளி வக்கீல். சந்திரவல்லி வேளாண்மைக் கல்லூரி. ரேணுகா கோயம்புத்தூரில் நர்சு, பதினெட்டுக் கட்டில் உள்ள வார்டை ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள். பேத்தி மாப்பிள்ளை செத்த வாட்சுக்குக் கடுதாசியிலேயே உயிர் கொடுக்கிற ஆள் என்றேன். "படம் இருக்கா?" என்று கேட்டார். மனோஜை அனுப்பி வீட்டிலிருந்து படங்களை எடுத்துவரச் சொன்னேன். மூன்றுதான் வந்தது. நாலாவது படத்தை மாசி மாசம் நான்தான் இறக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். கரையான் அரித்துவிட்டது.

ஆணி அங்கேயேதான் இருக்கிறது, சுவரில் சதுரமாக வெள்ளை விழுந்து. புதுப் படத்தைப் போனில் அனுப்ப வேண்டாம், அது எனக்குச் சரிப்படாது. காகிதத்தில் பிரிண்டு போட்டு, மடங்காமல் இருக்க அட்டை வைத்து, 5-ம் தேதிக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி ஆஸ்பத்திரி விலாசத்துக்கே தபாலில் போடவும். படம் எடுக்கிறவர் நீங்கள் என்று வெளியில் நின்றுகொள்ள வேண்டாம். பக்கத்துக் கடைக்காரரை எடுக்கச் சொல்லிவிட்டு, நீங்களும் ரேணுகாவோடு உள்ளே நில்லுங்கள்.

இப்படிக்கு,
அப்பத்தா